டைம் ட்ரையல் சைக்கிள்: கிளம்பும் மேடையில் நிற்கும்போதே செயின் எப்படிக் கழலும்? பெரிய ரிங், கைப்பிடி, டயர் பற்றியும் கேள்விகள்

கேடன்ஸ்95 (கேள்வி)

2024 செப்டம்பர் 22, ஜூரிச் உலக சாம்பியன்ஷிப், ஆண்கள் டைம் ட்ரையல் (ஒவ்வொருத்தரா தனியா கிளம்பி நேரத்தை எதிர்த்து ஓடுறது). ஓர்லிகான் வெலோட்ரோமில் கிளம்பி 46.1 கி.மீ. கடைசி ஆளாக மேடைக்கு வந்த ரெம்கோ எவெனபூலுக்குக் கிளம்பச் சில நொடிகள் இருக்கும்போது செயின் கழண்டுபோச்சு. மெக்கானிக் அவசர அவசரமா மாட்டிவிட்டார். கிளம்பின பிறகு பவர் மீட்டரும் (மிதிக்கிற பலத்தை வாட்ல காட்டுற கருவி) வேலை செய்யலை. அப்படியும் 53 நிமிடம் 1 விநாடியில் முடிச்சு, பிலிப்போ கன்னாவை 6.43 விநாடியில் ஜெயிச்சார். சராசரி மணிக்கு 52 கி.மீ.க்கு மேல.

அந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் சில சந்தேகம். வண்டி ஓடும்போது குலுங்கிச் செயின் கழண்டா புரியுது. மேடையில் ஆள் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வண்டியில் எப்படிக் கழலும்? டைம் ட்ரையலுக்கு முன்னாடி 58, 60 பல் ரிங் (மிதியோட சுத்துற பல்சக்கரம்) போடுறாங்களே, 54 பத்தாதா? முன்னாடி ஒரே ரிங் வச்சா செயின் கழல்வது அதிகமாகுமா, குறையுமா? அப்புறம் ரெம்கோ 171 செ.மீ. உயரம், கன்னா 193. ரெண்டு பேர் கைப்பிடியும் ஒரே விதியில் அளக்கிறாங்களா? டயர்ல எவ்வளவு காத்து வைக்கிறாங்க என்பதும் தெரிஞ்சா சொல்லுங்க. "ஏரோ முக்கியம்" மாதிரி பொதுவான பதில் வேண்டாம், எண்ணோட சொல்லுங்க.

---

ஸ்பேனர்14

செயின் விஷயத்தை நான் எடுத்துக்கிறேன்.

முன்பக்கமா மிதிக்கும்போது செயினுக்கு வழிகாட்டி உண்டு. கேசட்டுக்குள் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) நுழையிற இடத்தில் டிரெய்லரோட (derailleur, செயினைத் தள்ளிக் கியர் மாத்துற கருவி) ஜாக்கி சக்கரம், அதாவது அதிலிருக்கிற குட்டிப் பல்சக்கரம், அதை நேரா பல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குது. பின்பக்கமா மிதிச்சா இது தலைகீழாகுது. மேல் பக்கச் செயின் முன்னிருந்து பின்னாடி ஓடி, எந்த வழிகாட்டியும் இல்லாம கேசட் மேல உட்காருது. அந்த நேரம் கியர் 27லயோ 30லயோ இருந்தா செயின் ரிங்கிலிருந்து கோணலா போகுது. பல்லோட உச்சியைப் பிடிக்காம அடுத்த சின்னப் பல்லுக்குச் சரியும். சரிஞ்ச உடனே தளர்வு வரும். அந்தத் தளர்வு கீழ்ப்பக்கமா முன் ரிங்குக்கு வந்து, ரிங்கோட அடிப்பக்கத்துல ஒரு பல் தப்பும். ஒரு பல் தப்பினா போதும், மீதியைக் கால் மிதி பார்த்துக்கும்.

இப்ப மேடையை யோசிங்க. வீரர் ஏறி உட்கார்ந்து ஒரு காலை மாட்டுறார். வலது கால் மிதி கடிகாரத்துல 2 மணி நிலையில இருந்தாத்தான் முதல் மிதி முழு பலத்தோட விழும். அதுக்குக் கிராங்க்கை (மிதி மாட்டியிருக்கிற தண்டு) பின்னாடி சுத்துவாங்க. பின்சக்கரம் தரையில இருக்கும்போது முன்னாடி சுத்த முடியாதே. பின்னாடி சுத்துறது, பெரிய பல்லில் கியர், கோணலான செயின். மூணும் சேர்ந்தா கழல எல்லா வசதியும் தயார்.

இதைவிட அதிகம் பேர் கவனிக்காதது ஒண்ணு இருக்கு. சக்கரம் மேடைக்கோட்டைத் தாண்டி நின்னா ஆளோட சேர்த்து வண்டியைப் பின்னாடி இழுப்பாங்க. வண்டி பின்னாடி உருண்டா ஃப்ரீஹப் (கேசட்டை ஒரு பக்கம் மட்டும் தனியா சுத்தவிடுற பகுதி) பிடிச்சுக்கும், கேசட் பின்னோக்கிச் சுத்தும், செயினும் கிராங்கும் கூடவே போகும். அதாவது யாரும் மிதிக்காமலேயே பின்மிதி நடந்துடுது. அரை மீட்டர் இழுத்தாலே போதும்.

ஒற்றை ரிங்கில் பல்லு ஒண்ணு விட்டு ஒண்ணு தடிமனா, மெலிசா இருக்கும். தடிமன் பல் செயினோட வெளித்தகடு இருக்கிற அகலமான இடைவெளிக்கு, மெலிசு உள்தகட்டுக்கு. அதனாலதான் அந்த ரிங் எல்லாம் 56, 58, 60னு இரட்டைப்படையிலேயே வரும். கழண்ட செயினை அவசரத்துல கையால மாட்டும்போது ஒரு கண்ணி தள்ளி மாட்டிட்டா, தடிமன் பல் உள்தகட்டு இடைவெளியில நுழையாம செயினைத் தூக்கிப் பிடிச்சுக்கும். கையால கால்வாசி சுத்து சுத்திப் பார்த்தா சரியா இருக்கிற மாதிரிதான் தெரியும். மேடை இறங்கி முதல் பலமான மிதியில திரும்பக் கழலும். மாட்டின பிறகு ரிங்கோட மேல் பக்கத்தை விரலால தடவணும். செயின் பல்லோட அடிவரை இறங்கியிருந்தா எல்லாக் கண்ணியும் ஒரே மட்டத்துல இருக்கும். மேடு பள்ளம் தட்டுப்பட்டா கண்ணி மாறியிருக்குன்னு அர்த்தம்.

தடுக்கிற முறை:

மேடைக்குப் போகும் முன்னாடியே வண்டியைத் தூக்கிப் பிடிச்சு, முன்பக்கமா சுத்தி, கேசட் நடுப் பல்லுக்குக் கொண்டுவந்துடணும். 11-30 கேசட்னா (சின்னது 11 பல், பெரியது 30) 17 இல்லன்னா 19. அந்த நிலையிலேயே கிராங்க்கையும் தேவையான இடத்துல நிறுத்திடணும். அப்புறம் வீரர் ஏறின பின்னாடி கால்வாசி சுத்து பின்மிதிச்சாலும் ஆபத்தில்லை. பின்னாடி இழுக்க வேண்டி வந்தா பின்சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு விரல் அளவு தூக்கி நகர்த்தணும், உருட்டக்கூடாது.

ஷிமானோ டியூரா-ஏஸ் ஆர்9250 பின் டிரெய்லரில் கிளட்ச் (கூண்டு ஆடாம இறுக்கிப் பிடிக்கிற அமைப்பு) கிடையாது. கை நீட்டித் தள்ளினா கூண்டு சும்மா ஆடும். அதனால ஒற்றை ரிங் போட்டா மேல ஒரு செயின் கைடு கட்டாயம். கைடோட சுவருக்கும் செயினுக்கும் நடுவுல ஒரு மி.மீ. முதல் 2 மி.மீ. வரை இடைவெளி. அதை 11லயும் கடைசிப் பெரிய பல்லிலயும் வச்சுப் பார்க்கணும், ஏன்னா அந்த ரெண்டு கோடியிலதான் உரசும். கைடு மேல் பக்கத்தை மட்டும் காக்கும், பின்மிதியில கீழ்ப்பக்கமா நுழையிற செயினை அது தடுக்காது. கைடு இருக்குங்கிற தைரியத்துல மேடையில பின்மிதிக்கிறவங்களுக்கு இதுதான் பிரச்சினை.

---

பின்காற்று

பெரிய ரிங் பற்றிக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

மணிக்கு 52.2 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 870 மீட்டர். சக்கரச் சுற்றளவு 2.12 மீட்டர் என வைத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 410 சுற்று. கால் 95 சுற்று சுற்றினால் தேவைப்படும் விகிதம் 4.3. இதை 60 பல் ரிங்கில் 14 கொடுக்கிறது (4.29). 54 ரிங்கில் அந்த எண் 12க்கும் 13க்கும் இடையில் விழுகிறது. 12 போட்டால் கால் வேகம் 91, 13 போட்டால் 99. ஆக 54 வைத்தும் அந்த வேகத்தில் ஓட்டலாம், முடியாது என்பதில்லை. ஆனால் 60இல் மூன்று லாபம்.

முதலாவது, ஒரே வாட், ஒரே கால் வேகத்தில் செயினின் இழுவை ரிங் அளவுக்கு எதிர்விகிதத்தில் போகும். 54இலிருந்து 60 போனால் இழுவை 10 சதவீதம் குறைகிறது. கூடவே செயின் 12 பல்லை விட 14 பல்லில் குறைவாக மடங்குகிறது. உராய்வு குறைவதற்கு இந்த இரண்டும்தான் காரணம். தொகை பெரிதில்லை, ஆனால் 6 விநாடியில் தங்கம் தீர்மானமாகும் ஓட்டத்தில் சும்மா கிடைப்பதை யாரும் விடமாட்டார்கள்.

இரண்டாவது இறக்கம். கால் 110 சுற்றில் 54-11 மணிக்குச் சுமார் 69 கி.மீ., 60-11 சுமார் 76 கி.மீ. ஜூரிச் பாதை தட்டையானது அல்ல. நடுவில் ஏறி இறங்கித்தான் ஏரிக்கரைக்கு வரும். இறக்கத்தில் மிதிக்க முடியாமல் உருள்வதும் மிதிப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, செயின் கோணம். 14 என்பது 11-30இல் சின்னப் பக்கமிருந்து நான்காவது பல். 12 இரண்டாவது. ஓட்டத்தின் பெரும்பகுதி நேரத்தில் செயின் ஓடும் இடம் நடுவை நோக்கி இரண்டு பல் நகர்கிறது.

செலவு என்னவென்றால் ஏற்றம். 60-30 என்றால் விகிதம் 2; கால் 70 சுற்றில் மணிக்குச் சுமார் 18 கி.மீ. அதற்குக் கீழே வேகம் விழும் ஏற்றம் பாதையில் இருந்தால் 34 கேசட் வேண்டும், அல்லது இரண்டு ரிங் வேண்டும். 2023 டூர் டி பிரான்ஸ் 16ஆம் கட்டம், பாஸியிலிருந்து கொம்ப்ளூ வரை 22.4 கி.மீ. நினைவிருக்கும். பொகாச்சர் டொமான்சி ஏற்றத்தின் அடியில் சாலை சைக்கிளுக்கு மாறினார். விங்கெகார் டைம் ட்ரையல் சைக்கிளிலேயே முழுதும் ஏறி 1 நிமிடம் 38 விநாடியில் ஜெயித்தார். அந்த வித்தியாசம் வண்டி மாற்றியதால் மட்டும் வந்ததல்ல, அன்றைக்கு அவர் கால் அப்படி. ஆனால் வண்டி மாற்றுவது என்றால் நிற்பது, இறங்குவது, ஏறுவது, மறுபடி வேகம் பிடிப்பது எல்லாம் கணக்கில் வரும். சரியான சிறிய கியர் இருந்தால் மாற்றாமலிருப்பதே பெரும்பாலும் லாபம்.

டிராக்கில் இந்தத் தலைவலியே இல்லை. 2022 அக்டோபர் 8இல் கிரென்சனில் கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. போனபோது 65-14, நிலைக் கியர். டிரெய்லர் இல்லை, செயின் நேர்கோடு, கழல வழியே இல்லை.

---

ஸ்பேனர்14

@பின்காற்று கணக்கு சரி. ஒண்ணு சேர்த்துக்கிறேன். 54லிருந்து 60 போனா ரிங்கோட ஆரம் 12 மி.மீ. கூடும். ரெண்டு ரிங் வச்சிருந்தா முன் டிரெய்லரை 12 மி.மீ. மேல ஏத்தணும். எல்லா ஃபிரேமிலும் அந்த மாட்டுத் துளை அவ்வளவு நீளம் இருக்காது. ரிங்குக்கும் செயின்ஸ்டேக்கும் (கிராங்கிலிருந்து பின்சக்கரத்துக்குப் போற ஃபிரேம் குழாய்) நடுவுல இருக்கிற இடைவெளியையும் வாங்குறதுக்கு முன்னாடி அளந்துக்கணும். பலத்தோட மிதிக்கும்போது ரிங் ஒரு பக்கம் வளையும். நிக்கும்போது ஒரு மி.மீ. இடைவெளி இருந்தா ஏத்தத்துல உரசும்.

செயின் நீளமும் மாறும். செயின்ஸ்டே 41 செ.மீ., கேசட் 11-30னு வச்சா 54க்கு 110 கண்ணி, 60க்கு 112. கேசட் 34 ஆனா 60க்கு 114. 62-34 போனா 116, பெட்டியில வர்ற முழு செயினும் போயிடும், மிச்சம் வெட்ட ஒண்ணும் இருக்காது. பழைய செயினை அப்படியே விட்டுட்டுப் பெரிய ரிங் மட்டும் மாத்தினா, தவறிப்போய் பெரிய பல்லுக்குத் தட்டின அன்னைக்கு டிரெய்லர் கூண்டு முன்னாடி இழுபட்டு, டிரெய்லரை ஃபிரேமோட பிடிக்கிற ஹேங்கர் உடையும்.

---

இரட்டைரிங்

ஒற்றை ரிங்தான் உத்தமம் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். ஏற்ற இறக்கப் பாதைக்கு இரண்டு ரிங்கும் முன் டிரெய்லரும் இருப்பது பாதுகாப்பு என்பது என் கருத்து. முன் டிரெய்லரின் கூண்டே செயினுக்கு இரு பக்கச் சுவர். உள்பக்கம் ஒரு செயின் கேட்சர் வைத்துவிட்டால் கழன்றாலும் ஃபிரேம் மேல் விழாது. கேட்சருக்கும் சின்ன ரிங்குக்கும் நடுவே அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை. காற்றுத் தடையில் இழப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஏற்றத்தில் 60-30இல் செயின் முழுக்கோணத்தில் இழுபட்டுக் கத்துவதை விட, சின்ன ரிங்கில் கேசட் நடுவில் ஓடுவது உராய்வுக்கும் நல்லது.

ஒற்றை ரிங் போட்டும் முன் டிரெய்லரைக் கழற்றாமல் கைடாக மட்டும் விட்டுவைப்பதும் தொழில்முறை அணிகளில் நடக்கும் வேலைதான். இரண்டுக்கும் நடுவான வழி.

---

மில்லிமீட்டர்

கைப்பிடி விதிக்கு வருகிறேன். ஒரே விதி இல்லை. 2023இலிருந்து யூசிஐ (உலக சைக்கிள் பந்தய அமைப்பு) வீரர்களின் உயரத்தை மூன்று பிரிவாக்கிவிட்டது.

180 செ.மீ.க்குக் கீழே: கிராங்க் அச்சிலிருந்து நீட்டுக் கைப்பிடியின் நுனி வரை கிடைமட்டமாக 80 செ.மீ., உயர வித்தியாசம் 10 செ.மீ.
180 முதல் 189.9 வரை: 83 செ.மீ., 12 செ.மீ.
190உம் அதற்கு மேலும்: 85 செ.மீ., 14 செ.மீ.

ரெம்கோ முதல் பிரிவு, கன்னா மூன்றாவது. உயர வித்தியாசம் என்பது முழங்கைத் தாங்கியின் நடுப்புள்ளிக்கும் கைப்பிடியின் உச்சிக்கும் இடையிலான செங்குத்து அளவு. கியர் பொத்தானும் சேர்த்துத்தான் நுனி, உச்சி எல்லாம். இதை மறந்துவிட்டு, பொத்தான் மாட்டும் முன் அளந்து சரி என்று நினைப்பவர்கள் சோதனை மேசையில் மாட்டிக்கொள்வார்கள்.

இந்த 10, 14 எப்படிக் கோணமாக மாறுகிறது என்று பாருங்கள். தாங்கி நடுவிலிருந்து பொத்தான் உச்சி வரை 33 செ.மீ. இருக்கும் சின்ன ஆளுக்கு, முன்கையை 17 டிகிரி தூக்கினால் 9.6 செ.மீ. 18 டிகிரியில் 10.2, விதி மீறல். 40 செ.மீ. இருக்கும் நெட்டை ஆளுக்கு 20 டிகிரியில் 13.7, 21இல் 14.3. முன்பு எல்லோருக்கும் 10 செ.மீ. இருந்தபோது அதே நெட்டை ஆள் 14 டிகிரியோடு நிற்க வேண்டியிருந்தது. பிரிவு வந்த பிறகு மூன்றாம் பிரிவு ஆட்கள்தான் அதிகம் வாங்கிக்கொண்டார்கள்.

கைகளை ஏன் தூக்குகிறார்கள் என்றால், கைமுட்டி முகத்துக்கு முன்னால் வந்து, கைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே உள்ள ஓட்டை அடைபடுகிறது. அந்த ஓட்டை வழியாகக் காற்று நெஞ்சில் மோதித் தேங்குவதுதான் பெரிய இழப்பு. தலையைத் தோளுக்குள் இறக்கிக்கொள்ளவும் அந்த நிலை உதவும். ஆனால் எல்லா உடம்புக்கும் தூக்கினால் லாபம் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். தோள் அகலமான சிலருக்குத் தாங்கிகளை 15 மி.மீ. நெருக்குவது, 3 டிகிரி தூக்குவதை விட அதிகம் கொடுக்கும். காற்றுச் சுரங்கமோ, டிராக்கில் பவர் மீட்டர் வைத்த ஓட்டமோ பார்த்தால்தான் தெரியும்.

அமைக்கும் வரிசை முக்கியம். பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும். முதலில் சீட் உயரமும் முன்பின்னும். சீட் முனை கிராங்க் அச்சுக்கு முன்னால் போகக்கூடாது, சாய்வு 9 டிகிரிக்கு மேல் கூடாது. டைம் ட்ரையலில் இடுப்பை முன்னால் உருட்டி உட்கார்வதால் முனை சற்றுத் தாழ்ந்திருப்பது வழக்கம். அதிகம் தாழ்த்தினால் உடம்பு முன்னால் வழுக்கும், வழுக்குவதைத் தோளால் தடுத்துத் தோள் இறுகும். பலர் "கைப்பிடி சரியில்லை" என்று சொல்வது உண்மையில் சீட் சாய்வுப் பிரச்சினை.

சீட் நின்ற பிறகு தாங்கிகளின் உயரம். 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று ஒன்றாக. ஒரே நேரத்தில் இரண்டு அளவை மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். தாங்கி முழங்கை மூட்டின் கீழ் நேராக வரக்கூடாது, மூட்டுக்குச் சற்று முன்னால் தசையில் உட்கார வேண்டும். மூட்டில் உட்கார்ந்தால் 20 நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். கடைசியாகத்தான் கைப்பிடி நீளமும் கோணமும்.

கிராங்க் நீளத்தை மாற்றினால் இந்த வரிசை முழுவதும் மறுபடி. 172.5இலிருந்து 165க்குப் போனால் சீட்டை 7.5 மி.மீ. ஏற்ற வேண்டும். அப்போது மிதியின் மேல்நிலையில் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே 15 மி.மீ. இடம் கிடைக்கிறது: மிதி 7.5 கீழே, சீட் 7.5 மேலே. பொகாச்சர் 2024இல் 165க்கு வந்த பிறகு எல்லோரும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். கிடைத்த 15 மி.மீ.யை வைத்து முன்பக்கத்தை இன்னும் தாழ்த்தலாம் என்பதுதான் டைம் ட்ரையலில் இதன் பயன். தாழ்த்த விருப்பமில்லை என்றால், தாங்கியையும் அதே 7.5 ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கழுத்து சொல்லும்.

இந்த அளவுகளை எடுக்கும்போது இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ட்ரெய்னரில் பின்சக்கரம் 2 செ.மீ. தூக்கி நிற்கும் வண்டியில் சாய்வு மாறிவிடும், வீட்டில் உயர வித்தியாசம் 9.8 காட்டியது சோதனை மேசையில் 10 தாண்டும்.

---

வால்வுமூடி

டயர். முன்பு 23 மி.மீ. அகலம், 10 பார் (காற்றழுத்த அலகு) என்றிருந்த காலம் போய்விட்டது. இப்போது டைம் ட்ரையலில் 25 முதல் 28 வரை, டியூப்லெஸ் அல்லது லேடெக்ஸ் ட்யூப்.

62 முதல் 64 கிலோ வீரர், உள் அகலம் 23 மி.மீ. ரிம், 28 டயர், நல்ல தார்ச்சாலை: முன்னால் 4.5 பார், பின்னால் 4.7இல் ஆரம்பிக்கலாம். 0.2 பார் வீதம் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். காற்று அதிகமானால் வண்டி வேகமாக ஓடுவது போல் ஓர் உணர்வு வரும், கைக்கு அதிர்வு அதிகம் வருவதால். அது பெரும்பாலும் பொய். சாலையின் சின்னச் சின்ன மேடுகளில் டயர் அமுங்காமல் வண்டியும் ஆளும் சேர்ந்து குதிக்கிறார்கள், அந்தச் சக்தி வீண்.

ஹூக் (டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி வளைவு) இல்லாத ரிம்மாக இருந்தால் 5 பார்தான் உச்சவரம்பு, தாண்டவே கூடாது. இங்கே வெயிலை மறந்துவிடுகிறார்கள். காலை 20 டிகிரியில் 4.8 வைத்து, வண்டி 35 டிகிரி வெயிலில் நின்றால் சுமார் 0.3 பார் கூடும். 5.1, வரம்பு மீறியாச்சு. மேடைக்குப் போகும் முன் அதே இடத்தில் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், அணி வேனுக்குள் பார்த்தது செல்லாது.

லேடெக்ஸ் காற்றைக் கசியவிடும். ஓர் இரவில் அரை பாருக்கு மேல் போய்விடுவது சாதாரணம். பழைய ரிம் பிரேக் காலத்தில் கார்பன் ரிம் சூடாகி லேடெக்ஸ் கெடும் என்ற பயம் இருந்தது. டிஸ்க் பிரேக்கில் சூடு ரோட்டரோடு நின்றுவிடுகிறது, அந்தப் பயம் வேண்டாம்.

டியூப்லெஸ் என்றால் சீலன்ட் (ஓட்டை விழுந்தால் தானே அடைக்கும் திரவம்) 30 மி.லி. டைம் ட்ரையலில் அதைக் குறைத்து வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். டைம் ட்ரையல் டயரின் மேல்பட்டையே மெல்லியது, கண்ணாடித்தூள் பட்டாலே போகும். சீலன்ட் இல்லாமல் அதை ஓட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

பின் டிஸ்க் சக்கரத்தில் (கம்பிகள் தெரியாமல் முழுத் தட்டாக இருக்கும் சக்கரம்) காற்றடிக்க வால்வு துளை பக்கவாட்டில் இருக்கும், சாதாரணப் பம்பு தலை நுழையாது. வளைந்த அடாப்டர் வேண்டும். அடித்து முடித்ததும் துளையை ஸ்டிக்கரால் மூடுவார்கள். ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தைத் துடைக்காமல் ஒட்டினால் பாதி வழியில் பிய்ந்து படபடவென்று அடிக்கும். பெரிய நஷ்டமில்லை, எரிச்சல்.

முன்சக்கரம் ஏன் முழு டிஸ்க் இல்லை என்று அடுத்த கேள்வி வரும், அதனால் இப்போதே சொல்கிறேன். பக்கக் காற்று பின் டிஸ்க்கில் மோதினால் வண்டி மொத்தமாக நகரும், சமாளிக்கலாம். முன்சக்கரத்தில் மோதினால் கைப்பிடியே திரும்பும். முழங்கையில் படுத்துக்கொண்டு மணிக்கு 60 கி.மீ.யில் போகிறவருக்கு அது விபத்து. 60 மி.மீ. ஆழமுள்ள ரிம் வழக்கம், காற்று பலமாக இருந்தால் 50.

---

கேடன்ஸ்95

எல்லோருக்கும் நன்றி. @ஸ்பேனர்14 அண்ணே, பின்னாடி இழுத்தாலே செயின் பின்னாடி போகும்ங்கிறது இப்பத்தான் உறைக்குது. இன்னும் ரெண்டு. பவர் மீட்டர் கிளம்புற நேரத்துல போறதுக்கு என்னென்ன காரணம் இருக்கும்? பயிற்சி சக்கரத்திலிருந்து டிஸ்க் சக்கரத்துக்கு மாத்தினா கியரும் பிரேக்கும் திரும்ப சரிபண்ணணுமா? வாக்ஸ் செயின் (எண்ணெய்க்குப் பதிலா மெழுகு பூசினது) பத்தியும் ஒரு வரி.

---

ஸ்பேனர்14

பவர் மீட்டர்: சென்சார் அசையாம நின்னா தூங்கிடும். மேடைக்குப் பக்கத்துல இருபது முப்பது வண்டி, எல்லாத்துலயும் சென்சார். அங்கே போய் கம்ப்யூட்டர்ல புதுசா தேடச் சொன்னா பக்கத்து வண்டியோட ஒட்டிக்கும், இல்லன்னா ஒண்ணையும் பிடிக்காது. முன்னாடியே தனியா நின்னு எண்ணைப் பதிஞ்சு வச்சுட்டு, கிளம்புறதுக்கு முன்னாடி கிராங்க்கை நாலு சுத்து முன்பக்கமா சுத்தி எழுப்பி, திரையில எண் ஓடுதான்னு பார்க்கணும். கார்ல சூடா இருந்த வண்டியை இறக்கின உடனே ஜீரோ பண்ணாதீங்க. உலோகம் வெளி வெப்பத்துக்கு வர்ற வரை பொறுத்துப் பண்ணணும், இல்லன்னா ஓட்டம் முழுக்க எண் ஒரு பக்கமா இழுக்கும். பேட்டரி போட்டி வாரத்துல புதுசு, பழசு எவ்வளவு காட்டினாலும் சரி.

எண்ணே வரலைன்னா என்ன பண்றதுன்னும் முன்னாடியே பேசி வைக்கணும். பின்னாடி வர்ற காரிலிருந்து இடைநேரம் சொல்லலாம். முதல் பத்து நிமிஷம் ஆவேசத்துல அதிகம் மிதிச்சுடுறதுதான் எண் இல்லாத ஓட்டத்துல நடக்கிற தப்பு.

சக்கரம் மாத்தினா ரெண்டையும் பார்க்கணும். ஹப்புக்கு ஹப் கேசட் உட்கார்ற இடம் கொஞ்சம் மாறும். டிஐ2ல (ஷிமானோவோட மின்னணு கியர்) நுண் சரிசெய்தல் இருக்கு, ஒண்ணு ரெண்டு படி தள்ளினா போதும். எந்தச் சக்கரத்துக்கு எத்தனை படின்னு டேப் ஒட்டி எழுதி வச்சுக்கங்க. ரோட்டரும் (பிரேக் தட்டு) அப்படித்தான், பிரேக் பேடுல லேசா உரசும். ஒவ்வொரு தடவையும் காலிப்பரை (பேடைப் பிடிக்கிற பகுதி) தளர்த்தாம, உள்ள தள்ளி உட்கார்ற ரோட்டருக்கு அடியில 0.2 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையம்) போட்டு ரெண்டு சக்கரத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாங்க. டிஸ்க் சக்கரம் உரசினா சத்தம் பெட்டிக்குள்ள தட்டுற மாதிரி பெருசா கேட்கும், கூடவே பயமும் வரும். பாதி நேரம் அது உரசலே இல்லை, ஸ்டிக்கர்தான்.

---

பின்காற்று

வாக்ஸ் பற்றி. புதுச் செயினின் தொழிற்சாலை கிரீஸ் முழுதும் போகாமல் வாக்ஸ் ஒட்டாது. இதில்தான் எல்லோரும் சோம்பல் படுகிறார்கள். மினரல் டர்பென்டைனில் இரண்டு முறை குலுக்கி, இரண்டாவது முறை திரவம் தெளிவாக வந்தால், ஆல்கஹாலில் ஒரு முறை அலசிக் காயவைக்க வேண்டும். உருகிய வாக்ஸில் போட்டதும் குமிழி வரும். குமிழி நிற்கும் வரை விட்டு, லேசாக ஆறி மேலே ஆடை படரும் நேரத்தில் எடுத்தால் கண்ணிக்குள் வாக்ஸ் தங்கும். கொதிக்கக் கொதிக்க எடுத்தால் எல்லாம் வடிந்துவிடும். ஆறியதும் செயின் கம்பி போல் விறைத்திருக்கும். ஒவ்வொரு கண்ணியாக மடக்கிவிட்டு மாட்டி, கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகுதான் போட்டி. விறைப்புப் போகாத செயினை நேராகப் போட்டிக்கு மாட்டினால் கியர் தாவும், ஒற்றை ரிங்கில் பல்லில் முழுதாக இறங்காமலும் போகும். ஸ்பேனர் சொன்ன மேடு பள்ளம் விரலில் தட்டுப்பட இதுவும் ஒரு காரணம்.

மழை ஓட்டம் என்றால் வாக்ஸ் 46 கி.மீ. தாங்கும். ஆனால் அன்று மாலையே கழற்றித் துடைத்து மறுபடி முக்கவில்லை என்றால் காலையில் துரு.

---

மில்லிமீட்டர்

@கேடன்ஸ்95 ஒரு சின்னச் சேர்க்கை. ஹெல்மெட், உடை விஷயத்தில் பழைய படங்களை வைத்துக்கொண்டு நகலெடுக்காதீர்கள். ஸ்பெஷலைஸ்டு டிடி5 ஹெல்மெட்டோடு வந்த கழுத்து உறையை யூசிஐ 2024 ஏப்ரல் 2 முதல் தடைசெய்துவிட்டது, 2023 படங்களில் அது இருக்கும். காலுறையும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுப்பாதியைத் தாண்டக்கூடாது. அதை அளக்கக் கருவியே வைத்திருக்கிறார்கள், கிளம்பும் மேடைக்குப் பக்கத்திலேயே.

---

இரட்டைரிங்

போல்ட் இறுக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன், யாரும் தொடவில்லை. ஷிமானோ ரிங் போல்ட் 12 முதல் 14 நியூட்டன் மீட்டர், இடது கிராங்க் போல்ட்டும் அதே 12-14. கேசட் லாக்ரிங் 40. தாங்கி, நீட்டுக் கைப்பிடி போல்ட்களுக்கு அந்தந்தக் கைப்பிடியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்புங்கள், பெரும்பாலும் 5ஐ ஒட்டி இருக்கும். கார்பன் மேல் கார்பன் பிடிக்கும் இடத்தில் கிரீஸ் தடவாமல் மணல்பசை தடவ வேண்டும். தாங்கியில் உடம்பின் எடை முழுக்க விழுவதால், ஒரு குழியில் இறங்கியதும் நீட்டுக் கைப்பிடி 3 டிகிரி சரியும். இறுக்கி முடித்ததும் இரண்டு தாங்கியிலும் முழு எடையையும் போட்டு அழுத்திப் பார்த்துவிட்டு, கைப்பிடி குழாயில் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் அடுத்த முறை பார்த்தவுடன் தெரியும்.